110 காரின் மீட்டர் பல்பை நாமே மாற்றலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவின் கார், 1998 டொயோட்டா கொரோலா 110. இரவில் பார்க் லைட்டைப் போட்டால் மீட்டரில் வேகம் காட்டும் வட்டத்தின் இடது பாதி இருட்டாகக் கிடக்கிறது. 60க்குக் கீழே முள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. கராஜில் காட்டியபோது, "பழைய சாமான், மீட்டரையே மாற்றிவிடுங்கள், பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் எடுத்துத் தருகிறோம்" என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். யூடியூப் பார்த்து நானே கழற்றலாமா, கழற்றினால் எல்ஈடி போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

பல்பை எப்படி மாற்றுவது என்பது இந்தக் கேள்வியில் பாதிதான். கராஜ்காரர் சொன்னதை நம்புவதா, நம்பாமல் கைவைத்து அப்பாவின் காரைக் கெடுத்துவிடுவேனா என்ற பயம் மீதிப் பாதி. நான் கொட்டாஞ்சேனையில் 31 வருடம் வாகன வயரிங் வேலை செய்தவன். இப்போது கடை தம்பியின் மகனிடம் இருக்கிறது. நான் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே கதைக்க நேரம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மீட்டரை மாற்றுவது பற்றி. தேவையில்லை. பாதி எரிகிறது என்றால் பியூஸ் நல்லது, டிம் பண்ணுகிற சுழலி நல்லது, மீட்டர் வரைக்கும் கரண்ட் வருகிறது. பின்னால் இருக்கும் சின்ன பல்புகளில் ஒன்று போயிருக்கிறது, அல்லது அதன் ஹோல்டர் சரியாகத் தொடவில்லை. இதற்காக இன்னொரு காரின் மீட்டரை வாங்கிப் பூட்டினால் அந்தக் காரின் மைலேஜும் சேர்ந்து வந்துவிடும். நாளைக்கு விற்கப் போகும்போது, மைலேஜ் ஏன் சர்வீஸ் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று வாங்குகிறவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அது மட்டுமில்லை. கழற்றி வைத்த அந்த மீட்டருக்குள் இருப்பதும் உங்கள் பல்பின் வயதுடைய பல்புகள்தான். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் எல்லோரும் பழைய கார்களையே கட்டிக் காத்ததால் பழைய சாமானுக்கும் ஒரு மவுசு வந்துவிட்டது. கராஜ்காரர் ஏமாற்றத்தான் பார்த்தார் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு பல்பை மாற்றிக் கொடுத்து, அடுத்த மாதம் பக்கத்து பல்ப் போய், "போன மாதம்தானே காசு வாங்கினீர்கள்" என்று ஆள் திரும்பி வந்து நிற்பதை எந்த மெக்கானிக்கும் விரும்புவதில்லை. நானும் விரும்பியதில்லை.

பல்பா, ஹோல்டரா என்பதைக் காரைப் பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே பார்க்கலாம். இரவில் பார்க் லைட்டைப் போட்டுவிட்டு மீட்டருக்கு மேலே டேஷ்போர்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். இருட்டுப் பாதி ஒரு கணம் எரிந்து அணைந்தால் பல்ப் உயிரோடு இருக்கிறது, தொடுகைதான் பிழை. அசையாமல் இருட்டாகவே கிடந்தால் அனேகமாக பல்ப். கடற்கரைப் பக்கம் நிறுத்தும் கார்களில் தொடுகைப் பிழை அதிகம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலிருந்து வந்த கார்களில், பித்தளை எல்லாம் பச்சை பிடித்திருப்பதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். மீட்டர் முழுவதுமே இருட்டாக இருந்திருந்தால் கதை வேறு. அப்போது கழற்றுவதற்கு முன் டிம் சுழலியை யாராவது தெரியாமல் திருப்பிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும், பிறகு டெய்ல் பியூஸைப் பார்க்க வேண்டும். பின் லைட்டுக்கும் மீட்டர் வெளிச்சத்துக்கும் ஒரே வழியில்தான் கரண்ட் போகிறது. மீட்டர் முழுக்க இருண்டால் பின் லைட்டும் இருண்டிருக்கலாம்.

கழற்றுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. வீடியோக்களில் இதை அதிகம் காட்டுவதில்லை. திறப்பைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஓன் நிலையில் நிறுத்தி மீட்டரைப் பாருங்கள். சிவப்பு ஒயில் லைட், சிவப்பு பெட்டரி லைட், மஞ்சள் எஞ்சின் லைட் மூன்றும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பிரேக் லைட் எரிய வேண்டும். எயார்பேக், ஏபிஎஸ் இருக்கிற காரென்றால் அந்த லைட்டுகள் சில வினாடி எரிந்து தானாக அணைய வேண்டும். எது எரியவில்லையோ அதை ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் தெரியாத இருட்டு உங்கள் கண்ணுக்குப் படுகிறது, அதனால் கேள்வி கேட்டீர்கள். ஒயில் லைட்டின் பல்ப் போனது யார் கண்ணுக்கும் படாது, ஏனென்றால் ஓடும்போது அது அணைந்திருப்பதுதான் வழக்கம். ஒயில் பிரஷர் விழுந்து அது எரிய வேண்டிய நாளில் எரியாமல் இருந்தால், எஞ்சின் இறுகும் சத்தத்தில்தான் விஷயம் தெரியவரும். மீட்டரை வெளியே எடுக்கிற நாளில் அந்தச் சின்ன பல்புகளையும் பார்த்துவிடுங்கள் என்பதுதான் இவ்வளவு நீளப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வெளிச்ச பல்ப் ஒரு சாட்டு.

பெட்டரி லைட் பற்றி ஒரு கதை சொல்கிறேன். 90களின் நடுவில் ஒருவர் பழைய ஜப்பான் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். காலையில் ஸ்டார்ட் செய்தால் சார்ஜ் ஏறாது. வேறு இடத்தில், ஓடும்போது பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்டனேட்டரை மாற்றிக் கொடுத்தார்கள், இரண்டாவது முறையும் மாற்றினார்கள், குணமாகவில்லை. எஞ்சினை ஒருதரம் நன்றாக முறுக்கினால் மட்டும் சார்ஜ் வரும். நானும் ஒரு நாள் முழுக்க வயர்களைத் தடவிக்கொண்டு நின்றேன். கடைசியில் மீட்டரைக் கழற்றினால், பெட்டரி லைட்டின் பல்ப் கறுத்துப் போய் இழை அறுந்திருக்கிறது. அந்தக் காரில் ஓல்டனேட்டர் விழித்துக்கொள்ள வேண்டிய முதல் கரண்ட் அந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்ப் அறுந்தால் அதை எழுப்ப ஆளில்லை. ஒரு வாட் சொச்சத்து பல்புக்காக இரண்டு ஓல்டனேட்டர் வாங்கியிருந்தார் மனிதர். உங்கள் 110 காலத்து டொயோட்டாக்களில் பெரும்பாலும் ஓல்டனேட்டருக்கு இக்னிஷனிலிருந்து தனி வயர் போவதால் இந்த வினை வராது. ஆனாலும் பெட்டரி லைட் எரியாவிட்டால், பெல்ட் அறுந்து சார்ஜ் நின்றாலும் உங்களுக்குத் தகவல் வராது.

சரி, கழற்றுவதற்கு வருவோம். வேண்டிய சாமான் அதிகமில்லை. பெட்டரிக்கு 10 ஸ்பேனர், நுனியில் காந்தம் உள்ள நீளமான ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்று, கட்டையானது ஒன்று, பேப்பர் டேப், பழைய துவாய், டோர்ச், காலாவதியான வங்கி அட்டை ஒன்று. ஸ்க்ரூ ட்ரைவரின் நுனி ஸ்க்ரூவின் தலையில் ஆடாமல் உட்கார வேண்டும். ஜப்பான் ஸ்க்ரூவின் சிலுவை வெட்டு, கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் நுனியிலிருந்து சற்று வேறுபட்டது. தலையில் சின்னப் புள்ளி குத்தியிருந்தால் அது ஜப்பான் வகை. பொருந்தாத நுனியைப் போட்டு முறுக்கினால் வழுக்கி வழுக்கித் தலை மழுங்கும். அப்புறம் அதைக் கழற்றுவது தனி வேலையாகிவிடும்.

பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, கம்பத்தில் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஸ்டியரிங்கில் எஸ்ஆர்எஸ் என்று எழுதியிருந்தால் எயார்பேக் இருக்கிறது. பெட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். குறைந்தது 90 வினாடி பொறுக்கச் சொல்கிறது டொயோட்டா. நான் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவேன். டேஷ்போர்டுக்குள் மஞ்சள் நிறத்தில் வயரோ கனெக்டரோ கண்டால் அது எயார்பேக்குக்கு உரியது, அதில் கைவைக்காதீர்கள். பெட்டரியைக் கழற்றுவதால் மணிக்கூடும் ரேடியோ ஸ்டேஷன்களும் அழியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இதே வேலையைப் புதிய அக்சியோ, பிரீமியோ மாதிரிக் கார்களில் செய்கிறவர்கள் மட்டும் ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்திருக்க வேண்டும்: ஜப்பானிலிருந்து வந்த சில நெவிகேஷன் செட்கள் பெட்டரியைக் கழற்றினால் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும். கோட் கையில் இல்லாமல் கைவைத்தால் மீட்டர் எரியும், பாட்டு கேட்காது.

ஸ்டியரிங்கை எவ்வளவு கீழே சாய்க்க முடியுமோ அவ்வளவு சாய்த்து, அதன் மேல் துவாயை விரியுங்கள். மீட்டரைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் விளிம்பில், உள்பக்கமாக மேல்நோக்கி இரண்டு ஸ்க்ரூ இருக்கும். குனிந்து டோர்ச் அடித்தால்தான் தெரியும். அவற்றைக் கழற்றியதும் சட்டம் கிளிப்பில் மட்டும் நிற்கும். வங்கி அட்டையில் பேப்பர் டேப் சுற்றி, விளிம்பில் விட்டு, ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். இதில் ஒரே ஒரு விதி உண்டு. வலு கேட்டால் எங்கேயோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. 25 வருடத்துக்கு மேல் கொழும்பு வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் பப்படம் மாதிரி; அது வளையாது, உடையும். வேலை பழகிய முதல் வருடம் நான் இப்படி ஒரு சட்டத்தை இரண்டாகப் பிளந்து, அதன் விலையை மூன்று மாதச் சம்பளத்தில் கட்டினேன். மிச்சமிருந்த ஸ்க்ரூ ஒரு மூடியின் பின்னால் ஒளிந்திருந்தது. சட்டத்தில் சுவிட்சுகள் ஏதும் இருந்தால் அவற்றின் வயர் பின்னால் இழுபடும். படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

சட்டம் வந்ததும் மீட்டரைப் பிடித்திருக்கும் மூன்று நான்கு ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியும். காந்த நுனியால் எடுங்கள். ஒன்று உள்ளே விழுந்தால் கார்ப்பெட்டுக்கு அடியில் போகும், அல்லது பிரேக் மிதியின் பக்கம் போகும். விழுந்ததைத் தேடி எடுக்காமல் காரை ஓட்ட வேண்டாம். பிறகு மீட்டரை ஒரு அங்குலம் உங்கள் பக்கம் இழுத்து, மேல் விளிம்பை முன்னால் சாய்த்தால் பின்னால் கை போகும். கனெக்டரின் பூட்டை விரலால் அமத்தி, உடலைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இன்னும் பழைய கார்களில் கியர்பொக்ஸிலிருந்து வரும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் பின்னால் பூட்டியிருக்கும். அதன் பிளாஸ்டிக் கிளிப்பை இரண்டு பக்கமும் அமத்தினால் கழரும். கேபிள் நீளம் போதாமல் மீட்டர் வெளியே வர மறுத்தால், எஞ்சின் பக்கம் கேபிளைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்திக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும்.

வெளியே எடுத்த மீட்டரை முகம் கீழாகக் கவிழ்த்து வைக்காதீர்கள். முள் துடிக்காமல் இருக்கச் சில மீட்டர்களுக்குள் தடித்த சிலிக்கன் எண்ணெய் வைத்திருப்பார்கள். கவிழ்த்து வைத்தால் அது கசிந்து முகத்தட்டில் கறையாகும். நிமிர்த்தி, துவாயில் சாய்த்து வையுங்கள். முன் கண்ணாடியைத் திறக்கவே வேண்டாம், பல்ப் எல்லாம் பின்னால்தான். முள்ளை விரலால் தொட்டால் அது பழைய இடத்தில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மீட்டர் கழன்று கிடக்கும்போது யாராவது பெட்டரியைப் பூட்டித் திறப்பைத் திருகிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எயார்பேக் லைட்டின் வயர் அறுந்ததாக நினைத்துக் கார் ஒரு பிழையைப் பதிந்துகொள்ளலாம், பிறகு அதை அழிக்க ஸ்கேனர்காரரிடம் போக வேண்டிவரும்.

பின்பக்கத்தைப் பார்த்தால் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செப்புக் கோடுகள் ஓடும். அதன் மேல் வட்ட வட்டமாக ஹோல்டர்கள். கழற்றுமுன் ஒரு படம். பெரிய ஹோல்டர்கள் வெளிச்சத்துக்கு, சின்னவை எச்சரிக்கை லைட்டுகளுக்கு. ஒவ்வொன்றையும் இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வரும். பெரியவற்றில் டி10 என்று கடைக்காரர் சொல்லும், ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ள பல்ப் இருக்கும். சின்னவற்றில் 5 மில்லிமீட்டர் உள்ள டி5. இன்னும் சின்ன வகைகளில் பல்பும் ஹோல்டரும் ஒன்றாக ஒட்டியே வரும். பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பல்பைக் கையில் கொண்டுபோங்கள். வாட் எவ்வளவு என்று அதன் அடியில் எழுதியிருப்பதைப் படித்து, அதே வாட்டில் வாங்குங்கள். டி10 அளவில் 3.4 வாட்டும் உண்டு, 5 வாட்டும் உண்டு, இரண்டும் ஒரே ஹோல்டரில் உட்காரும். "நல்ல வெளிச்சம் வரும்" என்று 5 வாட்டைக் கொடுப்பார்கள். 3.4 வாட் பல்ப் ஏறத்தாழ 0.28 அம்பியர் இழுக்கிறது, 5 வாட் பல்ப் 0.42 வரைக்கும் போகிறது. கூடுதல் சூடு அந்த மெல்லிய தாளையும் ஹோல்டரையும் பொரித்துவிடும். தாள் கருகிய மீட்டர்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கரி எப்போதும் 5 வாட் பல்பைச் சுற்றித்தான்.

ஒரு பல்ப் போயிருந்தாலும் வெளிச்ச பல்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். எல்லாம் ஒரே நாளில் ஜப்பானில் பூட்டப்பட்டவை. கண்ணாடியின் உள்பக்கம் கறுத்திருந்தால் இழையின் உலோகம் ஆவியாகிப் படிந்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு இனி அதிக நாள் இல்லை. ஸ்டான்லி, கொய்ட்டோ மாதிரி ஜப்பான் பல்ப் கிடைத்தால் எடுங்கள். பல்புகளுக்கு ஆகும் காசு, கழற்றிப் பூட்டும் கூலிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை; அதனால் இங்கே சிக்கனம் பார்ப்பதில் புண்ணியமில்லை. பல்பைக் கையால் தொடக் கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது ஹெட்லைட் ஹலஜனுக்கு உரிய விதி, இந்தச் சின்னதுகளுக்கு இல்லை. பழைய பல்பில் பச்சையோ நீலமோ ரப்பர் உறை மாட்டியிருந்தால் அதைக் கழற்றிப் புதியதுக்கு மாட்டுங்கள். மீட்டரின் நிறம் அந்த உறையில்தான் இருக்கிறது.

ஹோல்டரின் பித்தளைக் காதுகளும், அவை தொடும் செப்பு வட்டங்களும் மங்கியிருந்தால் பிள்ளைகளின் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொபைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். மண்தாள் வேண்டாம். செப்பு அவ்வளவு மெல்லியது, இரண்டு தேய்ப்பில் கோடே போய்விடும். செப்புக் கோடு எழும்பியோ அறுந்தோ இருப்பதைக் கண்டால் அங்கே நிறுத்திவிட்டு வயரிங் பாஸ் ஒருவரிடம் மீட்டரை மட்டும் கொண்டுபோங்கள். ஈயம் ஒட்டும் சூட்டுக்கோலை அந்தத் தாளில் வைப்பதற்குப் பழகிய கை வேண்டும்.

இப்போது அந்தத் துண்டுக் கடதாசியை எடுங்கள். எரியாத லைட் எதுவோ அதன் ஹோல்டரைத் திருப்பிப் பாருங்கள். பல்ப் போயிருந்தால் மாற்றுங்கள். பல்பே இல்லாமலிருந்தால், அல்லது கறுப்பு டேப் ஒட்டியிருந்தால், யாரோ ஒருவர் எதையோ மறைத்து விற்றிருக்கலாம். எஞ்சின் லைட்டையும் எயார்பேக் லைட்டையும் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இன்னும் கெட்டிக்காரர்கள் எயார்பேக் லைட்டை ஒயில் லைட்டோடு வயரால் இணைத்துவிடுவார்கள். திறப்பைப் போட்டால் எரியும், ஸ்டார்ட் ஆனால் அணையும், பார்க்கிறவர் திருப்தியாகிவிடுவார். ஆனால் காலி ஓட்டையைக் கண்டதும் பழைய சொந்தக்காரரைத் திட்டத் தொடங்க வேண்டாம். ஒரே மீட்டர் உடலைப் பல தரத்துக் கார்களுக்கும் பயன்படுத்துவார்கள், உங்கள் காரில் இல்லாத வசதியின் ஓட்டை காலியாகத்தான் இருக்கும். அந்த ஓட்டைக்கு முன்னால் என்ன படம் அச்சாகியிருக்கிறது, அந்தச் சாமான் உங்கள் காரில் உண்டா என்று பார்த்த பிறகு சந்தேகப்படலாம்.

எல்ஈடி கேட்டிருந்தீர்கள். வெளிச்சத்துக்கு மட்டும் போடலாம், போட்டால் ஒன்றும் எரிந்துபோகாது. சூடு குறைவு, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் நான் என் காரில் போடவில்லை. இழை பல்ப் சுற்றிவர வெளிச்சம் தரும். மீட்டருக்குள் இருக்கும் வெள்ளைக் குழிகள் அந்த வெளிச்சத்தை வாங்கிப் பரப்பவே அமைந்தவை. மலிவு எல்ஈடி நேராக முன்னால் அடிப்பதால் 40 பளிச்சென்றும் 80 மங்கலாகவும் தெரியும். டிம் சுழலி பழைய வகையென்றால் எல்ஈடி படிப்படியாகக் குறையாமல் திடீரென்று அணையும், அல்லது துடிக்கும். நீல எல்ஈடி பூட்டிவிட்டு முள்ளைக் காணவில்லை என்று வந்தவர்கள் உண்டு. முள்ளின் சிவப்பு வண்ணம் சிவப்பு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும், நீல ஒளியில் சிவப்பு இல்லை, ஆகவே முள் கறுப்பாகிவிடும். எண்கள் கலியாண வீட்டு அலங்காரம் மாதிரி மின்னும், வேகம் மட்டும் தெரியாது. போடுவதானால் இளமஞ்சள் வெள்ளையில், சுற்றிவர ஒளி தரும் வகையாகப் பார்த்துப் போடுங்கள். எரியாவிட்டால் பல்பைத் திருப்பிச் செருகுங்கள், எல்ஈடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு.

எச்சரிக்கை லைட்டுகளுக்கு எல்ஈடி வேண்டவே வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். பெட்டரி லைட்டின் கதையைச் சொன்னேன். அந்த மாதிரிக் காரில் எல்ஈடி போட்டால் பல்ப் அறுந்த கதைதான் திரும்பவும், ஏனென்றால் அதன் வழியாகப் போகும் கரண்ட் மிகவும் குறைவு. மற்ற லைட்டுகளிலும், அணைந்திருக்க வேண்டிய நேரத்தில் கசியும் சொற்பக் கரண்டுக்கே எல்ஈடி மங்கலாக எரியும். எரிகிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற எச்சரிக்கை லைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இவ்வளவும் பல்ப் கழற்றக்கூடிய மீட்டர்களுக்கு. இதைப் படிக்கிற வேறு யாராவது புதிய கார் வைத்திருந்தால், பின்னால் ஹோல்டரே இல்லாமல் சர்க்கிட் போர்டில் எல்ஈடியை நேரே ஒட்டியிருப்பார்கள். அதற்குச் சூட்டுக்கோலும் உருப்பெருக்கியும் வேண்டும், வீட்டு வேலை இல்லை. ஒப்டிட்ரோன் என்று டொயோட்டா சொல்லும் தானாக ஒளிரும் மீட்டர்களில் பழையவை சிலதுக்குள் உயர் அழுத்த மின்சாரம் உண்டாக்கும் பகுதி இருக்கிறது, அதைத் திறக்க வேண்டாம். பல வொக்ஸ்வாகன், அவுடி கார்களில் திருட்டுத் தடுப்பே மீட்டருக்குள் இருப்பதால், அங்கே மீட்டரை வெறுமனே மாற்றினால் காரே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

பூட்டுவதற்கு முன் சோதனை. கனெக்டர்கள் எல்லாவற்றையும் மாட்டி, மீட்டர் துவாயில் சாய்ந்திருக்கும்போதே பெட்டரியைப் பூட்டி, பார்க் லைட்டையும் திறப்பையும் போட்டுப் பாருங்கள். மீட்டரின் பின்பக்கம் இரும்பில் எங்கும் தொடக் கூடாது. எல்லாம் எரிந்தால் திரும்பவும் பெட்டரியைக் கழற்றிவிட்டுப் பூட்டுங்கள். சோம்பலில் இந்தப் படியைத் தாண்டினால் ஒரு ஹோல்டருக்காக முழுவதையும் இரண்டாம் முறை கழற்ற நேரும். அதுவும் எனக்கு நடந்திருக்கிறது, ஒரு ஞாயிறு பின்னேரம், மழையில்.

பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் டக்கென்று சின்னதாக விழும். பழைய புரி அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் புரி மாறாது. இறுக்கம் விரல் பலத்துக்கு மேல் போகத் தேவையில்லை. முன் கண்ணாடியில் தூசு இருந்தால் ஈரத் துணி போதும். தின்னரோ பெற்றோலோ பட்டால் பால் மாதிரி மங்கிவிடும்.

முதல் தடவை இரண்டு மணித்தியாலம் எடுக்கும். பகலில் தொடங்குங்கள். வேலை முடிந்து இருட்டியதும் டிம் சுழலியை உங்கள் கண்ணுக்குப் பிடித்த அளவில் வைத்துவிட்டு எழும்ப வேண்டாம். வயதானவர்களின் கண்ணுக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், எனக்கே இப்போது அப்படித்தான். அப்பாவை ட்ரைவர் சீட்டில் இருத்தி, கார் நிறுத்துமிடத்து லைட்டை அணைத்துவிட்டு, எண்கள் தெரிகிறதா என்று கேட்டு அவரையே திருப்பச் சொல்லுங்கள்.